முதல் பக்கத்து வாசகம்

நமது பாஸ்போர்ட் புஸ்தகத்தில் ஒரு வாசகம் உண்டு. இதைக் கொண்டு வருபவரைத் தடையின்றிப் போக விட வேண்டும், வேண்டிய உதவியும் பாதுகாப்பும் அளிக்க வேண்டும் என்று ஜனாதிபதியின் பெயரால் உலகத்தாரை அது கேட்டுக்கொள்கிறது. படிக்கும்போதே மார்பு சற்று நிமிர்கிறது. ஆனால் அயல்நாட்டில் இருந்துகொண்டு அந்தப் புஸ்தகத்தைப் புதுப்பிக்கப் போனவர்களிடம் இதைச் சொன்னால் பெருமூச்சு விடுவார்கள். காரணத்தை என் அத்தான் மூலம் அறிந்தேன்.

அத்தான் வளைகுடா தேசம் ஒன்றில் 18 வருஷமாக உத்தியோகம் பார்க்கிறவர். பெரியவர்களுக்கு நமது சர்க்கார் கொடுக்கும் பாஸ்போர்ட்டின் ஆயுள் 10 வருஷம். பல தேசங்கள் அதன் கடைசி ஆறு மாதத்தை ஏற்பதில்லையாதலால், உண்மையில் ஒன்பதரை வருஷந்தான். இதை அறிந்தே அத்தான் முன்கூட்டி விண்ணப்பம் போட்டார்.

முதலில் புகைப்படம் திரும்பி வந்தது. பின்புறம் போதிய வெண்மையாக இல்லையாம். அடுத்த தடவை, "இங்கே வசிப்பதற்கான அநுமதிச் சீட்டு முடியப் போகிறதே, அதைப் புதுப்பித்து வாருங்கள்" என்றார்கள். அநுமதிச் சீட்டுக் கொடுக்கிற இடத்திலோ, "முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வாருங்கள்" என்றார்கள். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்!

பிறகு பெயர் வந்து குறுக்கே நின்றது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொள்வதோடு நம்மவர் திருப்தி அடைந்து விடுகிறோம். உலகத்தார் குடும்பப் பெயர் எங்கே என்கிறார்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றிப் பார்க்க வருவோரை அநுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அத்தானுடைய தஸ்தாவேஜுகளில் ஒன்றில் தகப்பனார் பெயர் முன்னால் இருந்தது. மற்றொன்றில் பின்னால் இருந்தது. இருவரும் தாம் ஒருவரே என்று அவர் பிரமாணம் எழுதிக் கொடுத்தார். அந்த ஓரெழுத்தே அவருடைய தலையெழுத்தாயிற்று.

கடைசியில் ஊரில் போலீஸ் விசாரணை. பழைய விலாசத்து வீட்டை விற்று வெகு காலமாகிவிட்டது. புதிதாகக் குடியிருப்பவர்கள், "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று உள்ளதைச் சொன்னார்கள்.

இதற்குள் பழைய பாஸ்போர்ட்டின் காலமும் முடிந்தது. அச்சமயத்தில்தான் அத்தை படுத்த படுக்கையானாள். அவசரச் சீட்டு ஒன்று தருவதாகச் சொன்னார்கள். அது தாய்நாட்டுக்கு வர உதவும். திரும்பிப் போக உதவாது. வேலையும் குழந்தைகளின் படிப்பும் அங்கே. பெற்ற தாய் இங்கே. "இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறேன்" என்றார் அத்தான். அத்தை பொறுக்கவில்லை. புதிய பாஸ்போர்ட் அவர் கைக்கு வந்தபோது பதின்மூன்றாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

பொய்ப் பாஸ்போர்ட்டுகள் மலிந்த உலகத்தில் உத்தியோகஸ்தர்கள் ஜாக்கிரதையாக இருப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் வேண்டிய தஸ்தாவேஜுகள் யாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடுவதில் என்ன கஷ்டம்? தாயின் உயிர் ஊசலாடும்போது அந்த ஒரு விண்ணப்பத்தை முன்னே எடுத்துப் பார்ப்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்குமா?

1947-க்கு முன் நம்மவர் பிரிட்டிஷ் முடிக்குரிய பாஸ்போர்ட்டைச் சுமந்து சென்றார்கள். அதைத் தருவதும் மறுப்பதும் அந்நிய சர்க்காரின் தயவு. சுதந்திரம் வந்த பிறகும் 20 வருஷம் அது சர்க்காரின் விருப்பமாகவே இருந்தது. வெளிநாடு செல்வது பிரஜையின் சுதந்திரத்தைச் சேர்ந்தது, சட்டமின்றி அதைத் தடுக்கலாகாது என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன பின்னரே, அவ்வருஷம் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. தயவு அன்றே உரிமையாகிவிட்டது. இந்தச் செய்தி ஜன்னலுக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் இன்னும் எட்டவில்லை போலும்.

தடையின்றிப் போக விடுங்கள் என்று அயலாரைக் கேட்டுக்கொள்ளும் அந்த முதல் பக்கத்தை, நம்மவர்களும் ஒரு முறை படித்துப் பார்க்கலாம் அல்லவா?