காதுக்கும் பயிற்சி தேவை

வெளிநாட்டில் படிக்க விரும்பும் ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுப் பயிற்சியைத் தாட்கோ கட்டணமின்றி அளிப்பதை வரவேற்கிறோம். அரசின் அயல்நாட்டு உதவித்தொகைக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வேண்டும். அக்கடிதத்துக்குப் பெரும்பாலும் இத்தேர்வின் மதிப்பெண் வேண்டும்.

வாசித்தல் பகுதிக்கு 60 நிமிடம். புரியாவிட்டால் திரும்பப் படிக்கலாம். கேட்டல் பகுதியில் 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். ஆங்கிலப் பாடத்தையும் தமிழில் விளக்கக் கேட்டே வளர்ந்த கான்சாபுரத்துப் பிள்ளை என்ன செய்யும்? கட்டணமோ 17 ஆயிரம் ரூபாய்க்கு மேல். கூலி வீட்டால் இரண்டாம் முறை கட்ட இயலுமா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலைதோறும் கேட்டல் பயிற்சிக்குக் கணினியும் ஹெட்போனும் தர மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கிறோம். மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம், செல்போனில் பி.பி.சி. செய்தியை ஒருமுறை மட்டும் கேட்டு, காதில் விழுந்ததை எழுதிப் பாருங்கள்.