தகப்பனின் துரவுகள்



ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆபிரகாம் என்றதும் அவன் தேசத்தையும் இனத்தையும் விட்டுப் புறப்பட்டது நினைவுக்கு வரும். யாக்கோபு என்றதும் ஏணியும், விடியுமட்டும் நடந்த போராட்டமும் நினைவுக்கு வரும். ஈசாக்கு என்றால்? மோரியாவில் விறகின்மேல் கட்டப்பட்டுக் கிடந்த பிள்ளை. முதிர்வயதில் கண் மங்கி ஏமாந்த தகப்பன். இரண்டு சம்பவங்களிலும் மற்றவர்கள்தான் அவனுக்கு ஏதோ செய்கிறார்கள்.

ஆனால் ஆதியாகமம் 26-ஆம் அதிகாரம் அவனுக்கே உரியது. அதில் அவன் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை கிணறு வெட்டுவது. நம் தமிழ் வேதாகமம் அந்தக் கிணறுகளைத் ‘துரவு’ என்கிறது. இந்த மாதம் அந்தத் துரவுகளின் அருகே சற்று உட்காருவோம்.

போகாதே என்ற கட்டளை

தேசத்தில் பஞ்சம் வந்தது. முன்பு பஞ்சம் வந்தபோது ஆபிரகாம் எகிப்துக்குப் போனான் (ஆதி. 12). அது புத்திசாலித்தனமான வழிதான். கானானில் மழை பொய்த்தாலும் எகிப்தில் நைல் நதி இருக்கிறது. ஈசாக்கும் இடம்பெயர்ந்து, காசாவுக்கு அருகிலுள்ள கேராருக்கு வந்தான். அங்கே கர்த்தர் அவனுக்குத் தரிசனமாகி, எகிப்துக்குப் போகவேண்டாம், நான் சொல்லும் தேசத்திலே தங்கியிரு என்றார்.

கவனியுங்கள். தகப்பனுக்கு வந்த கட்டளை புறப்படு என்பது. மகனுக்கு வந்த கட்டளை இரு என்பது. தேவன் ஒருவரே, வாக்குத்தத்தமும் ஒன்றே. ஆனாலும் தகப்பன் கீழ்ப்படிந்ததைப் பார்த்து அப்படியே நகல் எடுத்தால் மகன் கீழ்ப்படிந்தவன் ஆகமாட்டான். முற்பிதாக்கள் மூவரில் கானானை விட்டு ஒருமுறையும் வெளியே போகாதவன் ஈசாக்கு ஒருவனே. 180 வருஷம் அங்கேயே வாழ்ந்து முடித்தான்.

உங்கள் பெற்றோரில் அநேகர் ஜெபித்து, கண்ணீரோடு ஊரைவிட்டுப் புறப்பட்டு வந்தவர்கள். அந்தச் சாட்சியைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். உங்களிடம் அப்படியொரு பயணக் கதை இல்லாதிருக்கலாம். இதே ஊர், இதே கல்லூரி, எட்டுப் பேர் மட்டும் வருகிற இதே வாலிபர் கூட்டம். இங்கேயே உண்மையாயிரு என்று கர்த்தர் சொன்னால், அதற்கு இணங்குவதும் ஆபிரகாமின் விசுவாசத்துக்குக் குறைந்ததல்ல.

மண் போட்டு மூடிய துரவுகள்

பஞ்ச காலத்தில் ஈசாக்கு விதைத்தான். அந்த வருஷமே நூறு மடங்கு விளைந்தது. இதைச் செழிப்புக்கான சூத்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே விளைச்சல்தான் பெலிஸ்தருக்குப் பொறாமையை மூட்டி, அவனை ஊரைவிட்டு வெளியேற்றியது. கேராரின் பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டவன் முதலில் செய்தது என்ன? தகப்பன் நாட்களில் வெட்டப்பட்டு, ஆபிரகாம் இறந்தபின் பெலிஸ்தர் தூர்த்துப்போட்ட துரவுகளைத் தேடித் தோண்டினான். தகப்பன் வைத்த பெயர்களையே அவற்றுக்கு மறுபடியும் வைத்தான்.

அது வறண்ட பூமி. பெயெர்செபாவில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான். அங்கே பண்டைய நகரம் இருந்த மேட்டில், நகர வாசலுக்கு அருகே ஒரு பழைய கிணற்றைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். அதன் ஆழம் 60 மீட்டருக்கும் மேல். அது முற்பிதாக்கள் காலத்தைச் சேர்ந்ததென்று நான் சொல்லவரவில்லை. அந்த மண்ணில் தண்ணீரைத் தொட எவ்வளவு தோண்டவேண்டியிருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

பெலிஸ்தர் அந்தத் துரவுகளில் விஷம் கலக்கவில்லை. வெறும் மண்ணைப் போட்டார்கள். நம் வீடுகளில் குடும்ப ஜெபம் நின்றுபோனதும் பெரும்பாலும் அப்படித்தான். யாரும் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை. அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்கு ஓவர்டைம், பிள்ளைகளுக்கு டியூஷன், ஞாயிற்றுக்கிழமை மேட்ச், எல்லார் கையிலும் போன். ஒவ்வொன்றும் ஒரு கூடை மண். கெட்ட மண்கூட இல்லை. ஆனால் துரவு மூடிப்போகிறது.

உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று தகப்பன் சாட்சி சொல்லிப்போனான். ஆனால் அந்தச் சாட்சியைக் கொண்டு ஈசாக்கின் மந்தை தாகம் தீரவில்லை. தோண்டவேண்டியிருந்தது. பாட்டியின் ஜெபம், தாத்தாவின் ஊழியம், அம்மாவின் அடிக்கோடிட்ட வேதாகமம் எல்லாம் நமக்குத் துரவு இருக்கும் இடத்தைக் காட்டுகின்றன. மண்ணை அள்ளவேண்டியது நாம்தான். நீங்கள் தமிழில் அள்ளினாலும் ஆங்கிலத்தில் அள்ளினாலும் ஊறிவருவது ஒரே ஜீவத்தண்ணீர்.

தகப்பனிடமிருந்து வந்த இன்னொன்று

இதே அதிகாரத்தில், இதே கேராரில், ஈசாக்கு தன் மனைவி ரெபெக்காளைச் சகோதரி என்று பொய் சொன்னான். ஆபிரகாமும் சாராளைப் பற்றி எகிப்தில் ஒருமுறை, கேராரில் ஒருமுறை அதே பொய்யைச் சொல்லியிருந்தான். அந்த இரண்டும் நடந்தபோது ஈசாக்கு பிறக்கவேயில்லை. ஆனாலும் பயம் வந்தவேளையில் தகப்பனின் பொய் மகன் வாயில் வந்தது. அபிமெலேக்கு ஜன்னல் வழியாகப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தான். தேவனை அறியாத ராஜா, தேவனுடைய பிள்ளையைக் கடிந்துகொள்ளவேண்டியதாயிற்று.

ஆகவே பெற்றோரிடமிருந்து வருவதெல்லாம் துரவு அல்ல. கடல் கடந்து வந்த நம் பெட்டிகளில் வேதாகமத்தோடு வேறு சிலவும் வந்தன. திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் புசித்துவிட்டு, கல்யாணப் பேச்சு வந்தவுடன் சாதி விசாரிக்கிற பழக்கம் அதில் ஒன்று. அதற்கு நம் மரபு, நம் வழக்கம் என்று மரியாதையான பெயர்கள் உண்டு. ஆனால் அதைத் தோண்டினால் தண்ணீர் வராது. தம்பி, தங்கச்சி, அந்தப் பழக்கம் உங்கள் தலைமுறையோடு நிற்கட்டும். பெற்றோரைக் கனம்பண்ணிக்கொண்டே, இதை நான் தொடரமாட்டேன் என்று பணிவாகச் சொல்லலாம். அதுவும் கீழ்ப்படிதல்தான்.

வாக்குவாதம், பகை, இடம்

ஈசாக்கின் வேலைக்காரர் பள்ளத்தாக்கில் புதிதாக வெட்டி ஊற்றுத் தண்ணீரைக் கண்டார்கள். கேரார் மேய்ப்பர் வந்து, தண்ணீர் எங்களுடையது என்றார்கள். அதற்கு ஏசேக்கு என்று பெயர் வைத்தான். அதற்கு வாக்குவாதம் என்று அர்த்தம். வேறொன்று வெட்டினார்கள். அதற்கும் சண்டை. அதன் பெயர் சித்னா, பகை. அவ்விடம்விட்டுப் போய் மூன்றாவது வெட்டினான். அதற்குச் சண்டை வரவில்லை. கர்த்தர் நமக்கு இடம் உண்டாக்கினார் என்று சொல்லி ரெகொபோத் என்று பெயரிட்டான்.

அவன் பலவீனன் அல்ல. எங்களைவிட நீ பலத்துப்போனாய் என்று அபிமெலேக்கே சொல்லியிருந்தான். சண்டையிட்டு ஜெயிக்கக்கூடியவன் விட்டுக்கொடுத்தான். வாக்குத்தத்தம் செய்தவர்மேல் நம்பிக்கை இருந்ததால் ஒரு கிணற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

பாடகர் குழுவில் யார் முன்னால் நிற்பது, கிறிஸ்மஸ் நாடகத்தில் யாருக்கு எந்த வேஷம், வாலிபர் செயலாளர் யார் என்று நம் சபைகளிலும் ஏசேக்குகளும் சித்னாக்களும் உண்டு. அங்கே விட்டுக்கொடுத்து நகருங்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். உங்கள் சரீரத்துக்கோ மனதுக்கோ ஒருவர் தீங்கு செய்தால் மௌனமாயிருப்பது ஈசாக்கின் வழி அல்ல. பின்னாளில் அபிமெலேக்கு தேடி வந்தபோது, என்னைப் பகைத்துத் துரத்திவிட்டு ஏன் வந்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டான். உண்மையைச் சொன்னபிறகுதான் விருந்து வைத்தான், சமாதான உடன்படிக்கை செய்தான். நீங்களும் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள்.

பலிபீடம், கூடாரம், துரவு

பிறகு ஈசாக்கு பெயெர்செபாவுக்குப் போனான். அன்று இரவே கர்த்தர் தரிசனமாகி, தம்மை ஆபிரகாமின் தேவன் என்று அறிமுகப்படுத்தி, பயப்படாதே என்றார். அங்கே ஈசாக்கு ஒரு பலிபீடம் கட்டிக் கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொண்டான். அவன் கட்டியதாக வேதம் சொல்கிற பலிபீடம் இது ஒன்றுதான். மோரியாவில் தகப்பன் கட்டிய பலிபீடத்தின்மேல் படுத்திருந்தவன், இங்கே தன் கையால் கட்டுகிறான். அதன்பின் கூடாரம் போட்டான். அதன்பின் வேலைக்காரர் துரவு வெட்டினார்கள். வசனத்தில் உள்ள வரிசையே இதுதான்: ஆராதனை, வீடு, பிழைப்பு. நாம் படிப்பு, வேலை, வீடு எல்லாம் அமைந்தபிறகு ஜெபத்துக்கு நேரம் ஒதுக்கலாம் என்று நினைக்கிறோம்.

உடன்படிக்கை முடிந்த அந்நாளிலே வேலைக்காரர் வந்து, தண்ணீர் கண்டோம் என்றார்கள். பெயெர்செபா என்பது ஆபிரகாம் ஆணையிட்ட இடம் (ஆதி. 21). இப்போது மகனும் அதே இடத்தில் ஆணையிட்டு, துரவுக்குச் சேபா என்று பெயர் வைத்தான். தகப்பனின் பெயெர்செபா அன்று மகனுக்கும் சொந்தமாயிற்று.

அதிகாரம் இந்த மகிழ்ச்சியோடு முடியவில்லை. கடைசி இரண்டு வசனங்களில் ஏசா தன் 40-ஆம் வயதில் ஏத்திய வம்சத்துப் பெண்கள் இருவரை மணந்து, பெற்றோருக்கு மனநோவானான். தாத்தா விசுவாசிகளின் தகப்பன், அப்பா பலிபீடம் கட்டினவர். ஆனாலும் ஏசாவுக்கு அதில் நாட்டமில்லை. விசுவாசம் சொத்துப் பத்திரம்போலத் தானாகக் கைமாறாது.

இந்த மாதம் ஒன்று செய்யுங்கள். வீட்டில் அப்பாவிடமோ பாட்டியிடமோ உட்கார்ந்து, கர்த்தர் உங்கள் ஜெபத்தைக் கேட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். கேட்டபிறகு, அன்று இரவு பத்து நிமிடம் வீட்டார் எல்லாரையும் ஜெபத்துக்குக் கூப்பிடுங்கள். இந்தமுறை நீங்களே நடத்துங்கள். முதல் கூடை மண்ணை அள்ளிப் போட அது போதும்.

ஜெபம்: ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் தேவனாயிருந்தவரே, எங்களுக்கும் தேவனாயிரும். எங்கள் பெற்றோர் வெட்டின துரவுகளை மறுபடியும் தோண்ட எங்களுக்குப் பெலன் தாரும். அவர்கள் பயத்தையும் பொய்யையும் விட்டுவிட எங்களுக்குத் தைரியம் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.