வண்டி வைத்தியம்: பின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்வது ஏன்?

‘‘எங்களிடம் 2008-ம் ஆண்டு மாடல் ஆம்னி வேன் இருக்கிறது. உப்பளத்துக்குப் போகவும், மூட்டை ஏற்றவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அந்த வண்டிதான். பின்பக்க இடது டயர் உள்விளிம்பில் மட்டும் மொட்டையாகிவிட்டது. வலது டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கிறது. புது டயர் போட்டு ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்தும் பலனில்லை. மறுபடியும் இரண்டு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?’’

- ஒரு வாசகர், மரக்காணம்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். இடது டயரின் உள்விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பியோ, நூலோ வெளியே தெரிந்தால் இன்றைக்கே ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள். அந்த டயரோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகவே கூடாது. உள்பக்கத் தேய்மானம் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. வெளிப்பக்கம் பட்டன் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். பட்டனுக்கு இடையே உள்ள பள்ளம் 1.6 மி.மீ-க்குக் கீழே போய்விட்டால், எந்தப் பக்கமாக இருந்தாலும் அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

ஆனால், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது டயர் வாங்காதீர்கள். அதுவும் இதே கதிக்குத்தான் போகும்.

அலைன்மென்ட் ஏன் பலன் தரவில்லை என்றால், ஆம்னியில் திருகிச் சரிசெய்யும் வசதி முன் சக்கரங்களுக்குத்தான் உண்டு. பின்னால் இருப்பது ஒரே நீளமான ஆக்சில் ஹவுசிங். அது இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே திருக ஒன்றுமில்லை. கோணம் மாறியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் வண்டிக்கு இரண்டு தனித்தனி நோய் என்று நினைக்கிறேன். வலது டயரின் திட்டுத் தேய்மானம் பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் செத்துப்போனதால் வருவது. சக்கரம் தரையில் ஒட்டி ஓடாமல் குதித்துக் குதித்து ஓடும். இறங்கும் இடத்தில் எல்லாம் ரப்பர் போகும். அந்த மூலையைக் கையால் பலமாக அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றால் சரி. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தாலோ, ஷாக் உடம்பில் எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். மாற்றினால் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். ஷாக் நன்றாக இருந்தால் வீல் பேலன்ஸ் பாருங்கள்.

இடது பக்கத்துக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சமமான சிமென்ட் தரையில், காலி வண்டியை நிறுத்துங்கள். சக்கரத்துக்கு வெளியே நூல் தொங்கும்படி, பாடியில் ஒரு குச்சியைக் கட்டித் தூக்குக்குண்டை விடுங்கள். நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும் உள்ள இடைவெளியையும், கீழ் விளிம்புக்கு உள்ள இடைவெளியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டயரை அளக்காதீர்கள், அது கீழே பிதுங்கியிருக்கும். பிறகு சக்கரம் அரைச் சுற்று சுற்றும் அளவுக்கு வண்டியைத் தள்ளி, மறுபடி அளந்து பாருங்கள். முதலில் மேலே இருந்த வித்தியாசம் இப்போது கீழே வந்துவிட்டால், வளைந்திருப்பது ரிம். ரிம்மை மாற்றினால் போதும். இரண்டு தடவையும் மேல் இடைவெளியே கூடுதலாக இருந்தால், சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. காரணம் பேரிங் அல்லது ஹவுசிங்.

பேரிங் தேய்ந்திருந்தால், ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ‘லொடக்’ என்று ஆட்டம் தெரியும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.

ஆட்டம் இல்லையென்றால் ஹவுசிங் வளைந்திருக்கிறது. இதற்குப் பெரும்பாலும் பாரம்தான் காரணம். ஸ்பிரிங் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது, சக்கரம் வெளியே இருக்கிறது. மேலிருந்து சுமை அழுத்த, கீழிருந்து சாலை முட்ட, ஹவுசிங்கின் முனை மேல்நோக்கி வளையும். சக்கரத்தின் தலை உள்ளே சாயும். 50 கிலோ உப்பு மூட்டை பத்து ஏற்றினாலே அரை டன். ஆர்.சி-யில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் வருவதுதான் உங்கள் வண்டி தாங்கும் பாரம், ஆட்களின் எடையும் சேர்த்து. பயணிகள் வண்டியாகப் பதிந்ததில் சரக்கு ஏற்றினால், விபத்து நடக்கும்போது இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊருக்கு இன்னொரு எதிரியும் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் இதுதான் நடக்கிறது. பகலில் ஒட்டிய உப்புத்தூள் ராத்திரியில் உப்பு நீராகிப் பட்டைகளுக்கு நடுவிலும், யூ போல்ட்டிலும் இறங்கும். நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் துருப்பிடித்து உடைந்தால், ஆக்சிலே பட்டையின் மேல் நகர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். நேராக ஸ்டீயரிங்கைப் பிடித்து, ஈரத் தரையிலிருந்து காய்ந்த சாலைக்கு ஓட்டி, விழுந்த தடத்தைப் பாருங்கள். முன் தடமும் பின் தடமும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பொருந்த வேண்டும். பின்பக்கம் ஒருபுறமாக ஒதுங்கியிருந்தால், வண்டி நண்டு மாதிரி சாய்ந்து போகிறது என்று அர்த்தம். உடனே பட்டையைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாரம் ஒரு முறை அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஆனால், உங்கள் பக்கத்தில் பல போர் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும். அதில் கழுவினால் உப்பை மாற்றி உப்பு வைத்த கதைதான். இரண்டு குடம் நல்ல தண்ணீர் பின் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் மட்டும் போதும். பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பவர்கள் ரப்பர் புஷ் மேல் படாமல் அடியுங்கள். ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

ஹவுசிங் வளைந்ததுதான் என்று முடிவானால், கேஸ் வைத்துச் சூடுகாட்டி நிமிர்த்த விடாதீர்கள். சூடு பட்ட இடம் பலம் இழக்கும். அடுத்த பாரத்தில் அதே இடத்தில் வளையும். சென்னை புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் பழைய ஹவுசிங் கிடைக்கும். வாங்கும்போது, அதன் மேல் நீளவாக்கில் நூல் பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். ஹவுசிங்கும் ஷாக்கும் மாறிய பிறகு டயர் வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ரொம்ப நாள் கடையில் கிடந்த டயரைத் தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.