வெள்ளைப்புலியும் சுத்த இரத்தமும்

உயிரியல் பூங்கா மேலாண்மையும் காட்டுயிர்ப் பாதுகாப்பும் படிக்கிறேன் என்று சொன்னால், எங்கள் புதூர்ப் பக்கம் இரண்டு கேள்விகள் வரும். "புலிக்குக் கறி போடுற வேலையா?" என்பது முதலாவது. "எப்பக் கல்யாணம்? நம்ம ஆளுகள்லயே பாத்துருவமா?" என்பது இரண்டாவது. முதல் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிடலாம். இரண்டாவதைக் கடக்க முடியாது. ஏனென்றால், நான் படிக்கும் படிப்பின் மையமே அந்தக் கேள்விதான்: யார் யாரோடு சேரலாம்?

கரிசல் காட்டில் கன்னி, சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவர்கள் அதிகம். எனவே சாதிப் பெருமை பேசுகிறவர்கள் கையில் ஓர் ஆயத்த உவமை எப்போதும் இருக்கிறது. "நாட்டு நாயைக் கலப்பில்லாமல் காப்பாத்துறோம். மனுசன் மட்டும் கலக்கலாமா?" இப்போது வாட்ஸ்அப்பில் இதனோடு 'மரபணு' என்ற சொல்லையும் சேர்த்து அறிவியல் போல அனுப்புகிறார்கள். சரி, அறிவியலையே கேட்போம்.

உயிரியல் பூங்காக்களில் வம்சாவளிப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எண், அதன் தாய் யார், தந்தை யார் என்ற விவரம். எதற்கு? நெருங்கிய உறவுள்ள விலங்குகள் சேராமல் தடுப்பதற்கு. கூட்டத்தில் யாருக்கு உறவு குறைவோ, அந்த விலங்குக்கே முன்னுரிமை. வண்டலூர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கவால் குரங்குகளை இனப்பெருக்கம் செய்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அதே வண்டலூரில் கூட்டம் அலைமோதும் இடம் வெள்ளைப்புலிக் கூண்டு. அதன் கதை பலருக்குத் தெரியாது. 1951-ல் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைப்புலிக் குட்டி வளர்ந்து சாதாரணப் பெண்புலியோடு சேர்ந்தபோது, பிறந்தவை எல்லாம் வழக்கமான நிறத்திலேயே இருந்தன. வெள்ளை நிறம் வேண்டும் என்பதற்காக மோகனை அதன் மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958-ல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. உலகக் காட்சிசாலைகளில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை. நிறத்துக்காகத் திரும்பத் திரும்ப உறவுக்குள்ளேயே சேர்த்ததன் விலை, உடற்குறைபாடுகளும் இளம் சாவுகளும். அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கம் 2011-ல் தன் உறுப்பினர்கள் இவற்றை இனப்பெருக்கம் செய்வதையே தடுத்துவிட்டது.

எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. ஃபுளோரிடாவில் 20, 30 பூமாக்கள் மட்டும் எஞ்சி, தமக்குள்ளேயே பெருகி, வளைந்த வாலும் இதயக் கோளாறுமாகப் பிறந்துகொண்டிருந்தன. 1995-ல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எண்ணிக்கை பல மடங்கானது. அந்தக் கூட்டத்தைக் காப்பாற்றியது வெளியிலிருந்து வந்த இரத்தம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சாதி என்பது உயிரியல் இனம் அல்ல. பஞ்சாபின் பார்ப்பனரும் பஞ்சாபின் சமாரும் ஒரே மக்கள்தான் என்று 1936-லேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். இந்தியாவில் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை மக்கள் பரவலாகக் கலந்தார்கள், அகமணம் இறுகியது அதற்குப் பிறகே என்று ஹைதராபாத் சிசிஎம்பியும் ஹார்வர்டும் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆக, நாம் எல்லோருமே கலப்புதான். அகமணத்தால் உடலுக்கு ஒரு கேடும் இல்லை என்று நாளை ஓர் ஆய்வு வந்தாலும் சாதி நியாயமாகிவிடாது. சாதியை மறுக்க மரபணு வேண்டியதில்லை, சமத்துவம் போதும். சாதி அறிவியல் சட்டை போட்டுக்கொண்டு வரும்போது அந்தச் சட்டையைக் கழற்றுவது மட்டும்தான் எங்கள் துறையால் ஆகிற வேலை.

என் படிப்பு சொல்லித்தரும் முக்கியமான பாடம் வேறொன்று. 'தூய்மை' தானாக நிற்பதில்லை, அதற்குக் கூண்டு வேண்டும். மோகன் தன் மகளைத் தேடிப் போகவில்லை, மனிதர்கள் அடைத்துவைத்தார்கள். கன்னி நாய்க்கும் ஜோடியைத் தேர்ந்தெடுப்பது அதன் உரிமையாளர்தான். சாதியின் உயிர்நாடி அகமணமே என்று 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்த 25 வயது அம்பேத்கர், அதைக் காப்பாற்ற உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் தேவைப்பட்டதை விளக்கினார். கூண்டின் கம்பிகள் அவை. இன்று அந்தக் கம்பி அரிவாளாக இருக்கிறது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில், எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த 27 வயதுப் பட்டியல் சாதி மென்பொருள் பொறியாளர் வேறு சாதிப் பெண்ணைக் காதலித்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி அவ்வளவு இயற்கையானது என்றால் அதற்கு அரிவாள் எதற்கு?

சாதி மறுப்பு இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லமும் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் 2018-லேயே உத்தரவிட்டது. காதலித்து ஊரைவிட்டு வரும் ஒரு பெண்ணுக்கு இன்றிரவு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும். கோவில்பட்டியில், விளாத்திகுளத்தில், புதூரில் அந்த முகவரி எத்தனை பேருக்குத் தெரியும்? ஆணவப் படுகொலைக்கு எதிரான தனிச்சட்டத்தைக் கேட்போம். அதோடு, நம் கல்லூரிகளிலும் கல்யாண வீடுகளிலும் 'சுத்த இரத்தம்' பேசுகிறவரை மறித்து, எந்த அறிவியலில் அது இருக்கிறது என்று கேட்போம். குழந்தைகளின் கணவனையும் மனைவியையும் சாதி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வீட்டுக்கு நாய்ப் பண்ணையின் விதி பொருந்தலாம். மனிதர்களுக்குப் பொருந்தாது.