‘வேணும்’ என்றால் என்ன அர்த்தம்?

பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் வாரம், வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “சாப்பாடு எப்படி இருக்கு?” இரண்டாவது வாரம், “குளிர் தாங்குதா?” மொழி பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் ஸ்பெயினுக்குப் போன பிள்ளை முதலில் அடிபடுவது அங்கேதான்.

ஸ்பானிய மொழியில் ‘பெரோ’ என்று லேசாகச் சொன்னால் ‘ஆனால்’. அதே ‘ர’வை உருட்டி அழுத்திச் சொன்னால் ‘நாய்’. “நான் வருகிறேன், ஆனால் நாளைக்கு” என்று சொல்ல நினைத்து, நடுவில் ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பே ஏன் சிரிக்கிறது என்று தெரியாமல் விழிப்பதும் நடக்கும். ர, ற இரண்டையும் எழுத்தில் வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சம் முயன்றால் இதில் தப்பிவிடலாம். பிறகு வரும் அடுத்த அடி. நமக்கு ‘இரு’ என்ற ஒரே வினைச்சொல் போதும். அங்கே அதற்கு இரண்டு. ஒருவர் இயல்பிலேயே எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று, இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதற்கு இன்னொன்று. மாற்றிப் போட்டால் ‘எனக்கு போர் அடிக்கிறது’ என்பது ‘நான் ஒரு போர் ஆசாமி’ என்றாகிவிடும்.

இந்தத் தடுமாற்றம் எல்லாம் நம் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்து தமிழ் படித்தவர்களும் இதே பாடு பட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் பல ஆண்டுகள் இருந்து எழுதிய இடம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவரிடம் போகும் முன், ஸ்பெயின் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கதை.

பிரான்சிஸ் சவேரியார் இன்றைய ஸ்பெயினின் வடக்கே இருக்கும் நவார் நாட்டுக்காரர். தாய்மொழி பாஸ்க். 1542-ல் கோவாவில் இறங்கி, அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று கடற்கரை ஊர்கள். அங்குள்ள மக்கள் பேசுவது அவருக்குப் புரியவில்லை, அவர் பேசுவது மக்களுக்குப் புரியவில்லை. ரோமில் இருந்த தன் சபைத் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, ஜெபங்களைத் தமிழாக்கி, தமிழை மனப்பாடம் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

வம்பு எங்கே வந்தது தெரியுமா? ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் மொழிபெயர்த்தவர்கள் ‘எனக்கு வேணும்’ என்று போட்டுவிட்டார்கள். கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய கூட்டம், கடற்கரை முழுக்க ‘எனக்கு வேணும், எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் 1544-ல் தன் துணைவர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார் சவேரியார். ‘வேணும்’ என்றால் ஆசைப்படுவது, நம்புவது அல்ல, இனி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். மொழி படிக்கிறவர் தன் தப்பைத் தானே எழுதி வைத்ததற்கு இவ்வளவு பழைய சான்று கிடைப்பது அபூர்வம். ஆனால் சவேரியாருக்கு நின்று நிதானமாகத் தமிழ் படிக்க நேரமும் இல்லை, ஓரிடத்தில் தங்கும் வழக்கமும் இல்லை. மலாக்கா, ஜப்பான் என்று போய்விட்டார்.

இங்கேயே தங்கிப் படித்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. வீரமாமுனிவர் என்றால்தான் நமக்குத் தெரியும்.

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர், திருமானூர் வழியாக தஞ்சாவூர் போகிற சாலையை விட்டு உள்ளே போனால் ஏலாக்குறிச்சி. தெற்கே கொள்ளிடம். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, அந்த ஊரின் பேரில் ஒரு கலம்பகமும் பாடியவர் இவர். இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680 நவம்பர் 8-ல் பிறந்தவர், 1710-ல் கோவா வந்து, மறு ஆண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைந்தபோது வயது முப்பது. இத்தாலியமும் லத்தீனும் கரைத்துக் குடித்த படிப்பாளி. இங்கே வந்ததும் ‘அ, ஆ’விலிருந்து ஆரம்பம். வந்த வேலை மதம் பரப்புவது, அதில் ஒளிவு மறைவு இல்லை. தமிழ் அதற்கு ஒரு கருவியாகத்தான் முதலில் கைக்கு வந்திருக்கும். பிறகு என்ன ஆனது என்பதற்கு 3,615 பாடல்கள் கொண்ட ‘தேம்பாவணி’யே சாட்சி.

முதல் தலைவலி எழுத்து. இன்று நம் கையில் இருக்கும் அழகான அச்சுத் தமிழை நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்று எல்லாம் ஓலை. எழுத்தாணியால் கீறும்போது ஓலை கிழியும் என்று மேலே புள்ளி வைக்க மாட்டார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. போதாததற்கு, துணைக்காலும் ‘ர’வும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? ‘சொ’ என்று இன்று எழுதுகிறோமே, அந்த வடிவம் ஓலையில் இருந்தால் அது ‘சொ’வாகவும் இருக்கலாம், ‘சோ’வாகவும் இருக்கலாம். ‘செர’, ‘சேர’, ‘சேர்’ என்றும் படிக்கலாம். நம் ஊர்ப் பண்டிதர்கள் பாட்டை முன்பே மனப்பாடம் செய்தவர்கள், அவர்களுக்கு ஓலை ஒரு ஞாபகக் குறிப்பு மாதிரி. முதன்முதலாகப் படிக்கிற வெளிநாட்டுக்காரர் என்ன செய்வார்? முட்டி மோதிப் பார்த்த பெஸ்கி, நெடிலுக்கு அடையாளமாகக் கொம்பின் தலையைச் சுழித்துவிட்டார். ‘கெ’க்கு ஒற்றைக் கொம்பு, ‘கே’க்கு இரட்டைச் சுழி. ‘எ’யிலிருந்து ‘ஏ’வையும் ‘ஒ’விலிருந்து ‘ஓ’வையும் பிரித்துக் காட்டியதும் அவர்தான் என்பது தமிழ் அறிஞர்கள் சொல்வது. உடனே ஊரெல்லாம் பின்பற்றிவிடவில்லை, அச்சு பரவிய பிறகுதான் எல்லா இடத்திலும் நிலைத்தது. தன் பாடப்புத்தகம் கஷ்டமாக இருக்கிறது என்று புகார் சொல்லும் மாணவர்கள் கோடி. பாடப்புத்தகத்தின் எழுத்தையே திருத்திய மாணவர் வேறு யார் இருக்கிறார்?

இரண்டாவது தலைவலி இதைவிடப் பெரிது, இன்றும் தமிழ் படிக்க வருகிறவர்களை விடாமல் துரத்துவது. புத்தகத்தில் ஒரு தமிழ், தெருவில் ஒரு தமிழ். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மனப்பாடம் செய்துவிட்டு வெளியே வந்தால், எதிரே வருகிறவர் ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்கிறார். இவர் படித்தபடி பேசினால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறதென்று சிரிக்கிறார்கள். கேட்டபடி எழுதினால் வாத்தியார் அடித்துத் திருத்துகிறார். எந்தப் பக்கம் போனாலும் தப்பு.

பெஸ்கி இதை ஒரு மொழியின் குறையாக நினைக்கவில்லை, இரண்டையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். பேச்சு வழக்குக்கு ‘கொடுந்தமிழ்’ என்று ஓர் இலக்கணம், செய்யுள் வழக்குக்கு ‘செந்தமிழ்’ என்று இன்னோர் இலக்கணம், இரண்டும் லத்தீனில். கொடுந்தமிழ் இலக்கணத்தை 1728-ல் முடித்தார். நம் புலவர்கள் யாரும் அதுவரை சந்தையிலும் வயலிலும் பேசுகிற தமிழுக்கு இலக்கணம் வேண்டும் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. தமிழ் தானாக வந்துவிட்டவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. தெருவில் நின்று முழித்தவருக்குத்தான் அது தேவைப்பட்டது.

அகராதியும் அப்படித்தான். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிய வேண்டும் என்றால் அன்று நிகண்டு. அது பாட்டாக இருக்கும், முழுவதையும் மனப்பாடம் செய்தால்தான் உபயோகம். பெஸ்கி 1732-ல் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவாக ‘சதுரகராதி’ செய்தார். அகர வரிசை. தேடு, எடு, மூடு. போனில் ஒரு சொல்லைத் தட்டி அர்த்தம் பார்க்கிற பழக்கத்துக்கு நம் மொழியில் தாத்தா முறை வேண்டும் இந்தப் புத்தகம்.

அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்று சொல்வார்கள். தேம்பாவணியில் பாதி வேலை கவிராயருடையது என்றொரு பேச்சும் நெடுங்காலமாக உண்டு. வெளியூர்ப் பையன் முதல் மார்க் வாங்கினால் ‘வாத்தியார் எழுதிக் கொடுத்திருப்பார்’ என்று சொல்லுகிற வாய்கள் அப்போதும் இருந்திருக்கின்றன. சந்தா சாகிப்பைப் பார்ப்பதற்காக மூன்றே மாதத்தில் உருதும் பாரசீகமும் படித்தார், அரியலூர் ஜமீன்தாரின் கட்டியை மருந்து போட்டு ஆற்றி, அதற்கு நன்றியாக ஏலாக்குறிச்சியில் நிலம் பெற்றார் என்றெல்லாம் கதைகள் ஏராளம். அவர் வரலாற்றைத் தமிழில் எழுதிய முத்துசாமிப் பிள்ளையின் புத்தகம் 1822-ல்தான் வந்தது, அவர் இறந்து 75 வருஷம் கழித்து. அதற்குள் எத்தனை வாய் மாறியிருக்கும்! நிலம் கிடைத்ததை நம்பலாம். மூன்று மாதப் பாரசீகத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் நம்ப வேண்டும்.

ஆனால் மனிதர் சிடுமூஞ்சி இல்லை. புதிதாகத் தமிழ் படிக்க வருகிறவர்கள் வாசித்துப் பழக ஏதாவது எளிமையாக வேண்டும் அல்லவா? அதற்கென்று தன் அகராதியோடு சேர்த்து வைத்ததுதான் ‘பரமார்த்த குருவின் கதை’. குரு ஒருவர், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று சீடர்கள் ஐவர். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையை நீரில் விடுகிறார்கள். ‘சுர்’ரென்று சத்தம், புகை. ‘ஐயோ, விழித்திருக்கிறது’ என்று ஓடுகிறார்கள். பிறகு அதே அணைந்த கட்டையை விட்டுப் பார்க்கிறார்கள். சத்தமே இல்லை. ‘தூங்கிவிட்டது’ என்று பூனை நடை நடந்து அக்கரை சேர்கிறார்கள்.

அங்கே போய் எண்ணினால் ஐந்துதான் வருகிறது. எண்ணுகிற ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறார். ஆற்றில் ஒருவர் போய்விட்டார் என்று ஒப்பாரி. வழிப்போக்கர் ஒருவர் காசு பேசிக்கொண்டு, ஆளுக்கொரு அடி முதுகில் போட்டு, அடி வாங்கியவர் தன் எண்ணைச் சொல்ல, ஆறு பேரும் கிடைத்துவிடுகிறார்கள். இந்தக் கதை நம் பாட்டிகள் வாயில் புகுந்து, வெளிநாட்டுக்காரர் எழுதியது என்பதே மறந்து போய்விட்டது. 1822-ல் பாபிங்டன் என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து லண்டனில் வெளியிட்டார். அயல்மொழியில் பாட்டு எழுதுவதைவிட, அந்த மொழிக்காரர்களைச் சிரிக்கவைப்பதுதான் கஷ்டம். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பரீட்சையில் தேறிய நாளைவிட, தான் சொன்ன ஜோக்குக்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் சிரித்த நாளைத்தான் தேதியோடு சொல்வார்கள்.

எல்லாவற்றையும் அவர் முடித்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. திருக்குறளை லத்தீனில் மொழிபெயர்த்தார். அறத்துப்பால், பொருட்பால் இரண்டோடு நின்றது. துறவி காமத்துப்பாலைத் தொடவில்லை.

தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் மிஷனரிகளோடு அவருக்கு ஏழாம் பொருத்தம். அவர்களை எதிர்த்து ‘வேதவிளக்கம்’ என்று புத்தகமே எழுதினார், அவர்களும் விடவில்லை. ஆனால் அங்கே புதிதாக வந்து இறங்குகிற ஆட்களும் தெருவில் நின்று முழிக்கத்தானே செய்தார்கள்? அவர்களுக்கும் பேச்சுத் தமிழ் படிக்க நல்ல புத்தகம் வேண்டியிருந்தது. 1738-ல் பெஸ்கியின் கொடுந்தமிழ் இலக்கணம் அச்சேறியது. அச்சிட்டது, தரங்கம்பாடியில் அதே மிஷனின் அச்சகம்.

ஊரை விட்டுக் கிளம்பியவர் இத்தாலிக்குத் திரும்பவே இல்லை. 1747 பிப்ரவரி 4-ல் கேரளத்தின் அம்பழக்காட்டில் இறந்தார்.