கரையாத பாறை, உள்வாங்கும் சாலை

ஆந்திரத்தின் பெலும் குகைகளைப் போல, சுண்ணாம்புப் பாறையை நீர் கரைத்துக் குடைந்த நிலம் திடீரெனச் சரியக்கூடும். பெங்களூரு அத்தகைய நிலமன்று. லால்பாக் குன்றில் எவரும் காணலாம்: சுமார் 300 கோடி ஆண்டு வயதுடைய நைஸ் பாறை. அது அவ்வாறு கரைவதில்லை.

ஆயினும் 2023 ஜனவரி 12 அன்று பிரிகேட் சாலையருகே, மெட்ரோ சுரங்கத் தடத்தில், சாலை உள்வாங்கி இருசக்கர வாகனத்தில் சென்றவர் காயமுற்றார். நாகவாராவில் மெட்ரோ தூணின் கம்பிக்கூடு சரிந்து தாயும் குழந்தையும் மாண்டு இரு நாட்களே ஆகியிருந்தன. சென்னை அண்ணா சாலையில் 2017 ஏப்ரலில் அரசுப் பேருந்து புதைந்ததும் சுரங்கப் பணி நடந்த தடத்தில்தான். இங்கே இயற்கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

கடினப் பாறையும் சிதைந்த மண்ணும் மாறி மாறி வருமிடத்தில் எந்திரம் மண்ணை மிகுதியாக அள்ளினால் மேலே வெற்றிடம் உண்டாகும். தூர்ந்த கிணறுகளும் கசியும் குழாய்களும் அதைப் பெருக்கும். முன்னறியத் துளையிட்டு எடுக்கும் மண் மாதிரியும் நிலத்தடி ரேடாரும் உள்ளன. அவற்றைக் கொண்டு வரையப்படும் அபாய வரைபடம் தெருவாசிகள் கையில், கன்னடத்தில், இருக்க வேண்டும். அபாயத் தெருக்களில் எந்திரம் கடக்கும்வரை போக்குவரத்தை நிறுத்த வேண்டும். பணி தாமதமாகும் என ஒப்பந்ததாரர் முணுமுணுப்பார்; அந்த இழப்பு அவருடையதே என்று கர்நாடக அரசு ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.