யாருப்பா அது கீபோர்டுல?

உங்க டிபார்ட்மென்ட் அட்டெண்டன்ஸை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ல போட்டு வெச்சிருக்காங்கன்னு வைங்க மக்களே. நேத்து வரைக்கும் 76 சதவீதம். இன்னிக்குக் காலைல பார்த்தா 71! பரீட்சை எழுத 75 வேணும். வயிறு கலக்குமா, கலக்காதா? ‘யார் சார் மாத்தினாங்க?’ன்னு கேட்டா, ‘சிஸ்டம் அப்படித்தாம்ப்பா காட்டுது’ன்னு பதில் வரும். அந்த சிஸ்டமே ‘மாத்தினது இவர், இத்தனை மணிக்கு’ன்னு குறிச்சு வெச்சிருந்தா? ஆக்சஸ்ல மினி ப்ராஜெக்ட் பண்ற எல்லாரும் கத்துக்க வேண்டிய மேட்டர் இது.

முதல்ல எல்லாரும் போய் விழற குழி, ‘கரன்ட்யூசர்’ங்கற ஃபங்ஷன். பேரைப் பார்த்தா நமக்காகவே செஞ்ச மாதிரி இருக்கும். ஆனா, சாதாரணமா யார் வந்து உட்கார்ந்தாலும் ‘அட்மின்’னுதான் சொல்லும். ஏன்னா, அது பார்க்கறது விண்டோஸ் பேரை இல்ல. ஆக்சஸ் தனியா வெச்சிருந்த பழைய பாதுகாப்பு ஏற்பாட்டுல இருக்கற பேரை. அது எம்.டி.பி. ஃபைல் காலத்து சமாச்சாரம். ஆக்சஸ் 2007-ல் வந்த ஏ.சி.சி.டி.பி. ஃபைலில் அந்த ஏற்பாடே கிடையாது.

அடுத்தது ‘என்விரான்’. ‘யூசர்நேம்’னு கொடுத்துக் கேட்டா, விண்டோஸ்ல நுழைஞ்சவர் பேரை டக்குனு சொல்லிடும். ஒரே வரி, வேலை முடிஞ்சது. ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு. கமாண்ட் பிராம்ப்ட்ல ‘செட்’ கட்டளை போட்டு யூசர்நேமை ஹெச்.ஓ.டி. பேரா மாத்திட்டு, அங்கிருந்தே ஆக்சஸைத் திறந்தா, அதுவும் பணிவா ஹெச்.ஓ.டி. பேரையே சொல்லும்! பழி யார் மேல விழும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால, விண்டோஸையே நேரா கேட்கறதுதான் நல்லது. ‘அட்வேபி32’ங்கற டி.எல்.எல். ஃபைலில் ‘கெட்யூசர்நேம்’னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. செட் கட்டளை வித்தையெல்லாம் இதுகிட்ட பலிக்காது. 64 பிட் ஆபீஸ்னா, டிக்ளேர் வரியில ‘பி.டி.ஆர்.சேஃப்’ சேர்க்க மறந்துடாதீங்க. இல்லேன்னா கம்பைலே ஆகாது.

பேர் கிடைச்சாச்சு, எங்கே எழுதறது? ஃபாரத்தோட ‘பிஃபோர் அப்டேட்’ நிகழ்ச்சியில. அங்கே ‘ஓல்ட்வேல்யூ’ கேட்டா பழைய மதிப்பும் கிடைக்கும். பேர், நேரம், பழைய மதிப்பு, புது மதிப்பு... நாலையும் தனி டேபிள்ல போட்டுடுங்க. 76, 71 ஆன கதை அப்படியே பதிவாகிடும்.

‘சூப்பர், இனிமே தப்பிக்கவே முடியாது’ன்னு துள்ளாதீங்க. ஃபாரத்தை விட்டுட்டு டேபிளையே நேரா திறந்து மாத்தினா, உங்க கோடு ஓடவே ஓடாது. அந்த ஃபைல்ல எழுத அனுமதி இருக்கறவர், உங்க பதிவு டேபிளையும் அழிச்சுட முடியும். சீரியஸான விஷயம்னா டேட்டாவை எஸ்.க்யூ.எல். சர்வருக்குக் கொண்டு போங்க. விண்டோஸ் லாகினோட இணைச்சு ட்ரிகர் எழுதினா, சர்வரே பேரைக் குறிச்சுக்கும். ஆக்சஸை வெறும் முகப்பா வெச்சுக்கலாம்.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. நிறைய லேப்ல 40 பேருக்கும் சேர்த்து ‘ஸ்டூடண்ட்’னு ஒரே லாகின்தான். அங்கே எந்த ஃபங்ஷனைக் கேட்டாலும் நாற்காலி பேர்தான் வரும், உட்கார்ந்த ஆள் பேர் வராது. ஆளுக்கொரு லாகின் இல்லாத இடத்துல ‘சிஸ்டம் உன் பேரைக் காட்டுது’ன்னு யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல இதையும் ஒரு பாராவா எழுதுங்க.

அப்புறம், டீ குடிக்க எழுந்திரிக்கறப்ப விண்டோஸ் கீயோட ‘எல்’ தட்டிட்டுப் போங்க. உங்க பேர்ல வேற யாரும் தட்டச்சு பண்ண வேணாமே!